இருநூற்று அறுபத்து மூன்றாமவருக்குப் போர்த்திய பொன்னாடை

பெரியகல்லாறு,
புதன்கிழமை காலை.

அன்புள்ள மச்சான் ஜெயரூபனுக்கு உமது அத்தான் நல்லரத்தினம் எழுதிக்கொள்வது. மண்டூர் முருகன் புண்ணியத்தில் உமது அக்கா கேதீஸ்வரியும் எங்கள் மகள், உமது மருமகள் ஆர்த்திகாவும் நல்ல சுகம். பிரஷர்க் குளிசையின் புண்ணியத்தில் நானும் சுகம். பாரிசில் உமது சுகத்தையும், உமது கோபம் இப்போது எந்த மட்டில் நிற்கிறது என்பதையும் அறிய ஆவல்.

இந்தக் காலத்தில் யார் கடதாசியில் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீர் கேட்கலாம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாட்ஸ்அப்பில் என்னை புளொக் பண்ணி வைத்திருப்பவர் நீர்தான் என்பதை முதலில் ஞாபகப்படுத்துகிறேன். அதற்கு முன் நீர் என்னைத் திட்டி அனுப்பிய குரல்பதிவை உமது அக்கா சத்தத்தைக் கூட்டி வைத்து மூன்று தரம் கேட்டாள். மூன்றாம் தரம் பக்கத்து வீட்டாரும் வந்து கேட்டார்கள். நான் முப்பத்து மூன்று வருடம் நீர்ப்பாசனத் திணைக்களத்தில் இருந்தவன். வாய்க்கால் உடைந்தாலும் விளக்கக் கடிதம், உடையாவிட்டாலும் ஏன் உடையவில்லை என்று விளக்கக் கடிதம். ஆகவே நடந்ததை ஒன்றும் ஒளிக்காமல் எழுதுகிறேன். இதைக் கொண்டுவருபவர் வேறு யாருமில்லை, ரெமி தம்பியேதான். தன்னைப் பற்றிய கதை முழுவதையும் தன் பையிலேயே வைத்துக்கொண்டு வருகிறார். தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளை என்ற தைரியத்தில் கொடுத்துவிடுகிறேன்.

நீர் சொன்னதை நான் மறக்கவில்லை, மச்சான். நீர் சமையல் வேலை செய்கிற டென்னிஸ் கிளப்பில் பதின்மூன்று வயதிலிருந்து உமது கையால் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளை, பெயர் ரெமி கெர்வெல், வயது இருபத்தொன்பது, தொழிலே டென்னிஸ். இந்த வருடம் பதினொரு போட்டிகளில் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டார். கிளப்பில் சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை ஒன்று தயாராக இருக்கிறது. தாய்லாந்தில் ஒரு போட்டிக்குப் பெயரும் கொடுத்திருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு முன் அதிலிருந்து விலகினால் விளையாட்டை விட்டதாக அர்த்தம், விலகாவிட்டால் தொடர்வதாக அர்த்தம். அதை அமைதியாக யோசிக்கத்தான் பத்து நாளைக்கு எங்கள் வீட்டுக்கு அனுப்பினீர். "அத்தான், ஆள் மனமுடைஞ்சு போய் இரிக்கான். கடலையும் வாவியையும் பாத்துக்கொண்டு சும்மா இரிக்கட்டும். டென்னிஸ் எண்ட சொல்லே அவன்ட காதில விழப்படாது. நீங்க ஒண்டும் செய்ய வேணாம் அத்தான், ஒண்டுமே செய்யாம இரிங்க, அது காணும்" என்றீர். ஒன்றும் செய்யாமலிருப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது ஓய்வுபெற்றவனுக்குத்தான் தெரியும்.

முதல் இரண்டு நாளும் நான் வாயே திறக்கவில்லை என்பதற்கு உமது அக்கா சாட்சி. ரெமி தம்பி நல்ல பிள்ளை. புட்டும் இறால் கறியும் கையால் சாப்பிட்டார், தன் கோப்பையைத் தானே கழுவினார், தன் உடுப்பைத் தானே துவைத்துக் கொடியில் போட்டார். ஆனால் முகத்தில் சிரிப்பு இல்லை. மூன்றாம் நாள், அதாவது வியாழக்கிழமை காலை, டொக்டர் சொன்னபடி நான் நடக்கப் போனபோது கூட்டுறவுச் சங்க நெற்களஞ்சியத்துப் பக்கமிருந்து டொக், டொக் என்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளத்தில் ரெமி தம்பி தனியாக நின்று களஞ்சியத்துச் சுவருக்குப் பந்து அடித்துக்கொண்டிருக்கிறார். விளையாட்டை விடலாமா என்று யோசிக்க வந்தவர் மட்டையைக் கொண்டுவந்திருக்கிறார், பாரும்.

மச்சான், நீர் அதைப் பதினாறு வருடமாகக் குசினி யன்னலால் பார்த்துப் பழகிப்போனவர், உமக்குப் பெரிதாகத் தெரியாது. நான் வாய் பிளந்து நின்றேன். சுவரில் ஒரு ரொட்டி அளவு இடம். அந்த இடத்தில்தான் ஒவ்வொரு பந்தும் பட்டது. நூற்று எண்பது வரைக்கும் நான் எண்ணினேன், அதற்குப் பிறகு எண்ண மறந்துவிட்டேன். பிறகு பந்தை மேலே எறிந்து ஓர் அடி அடித்தார். பந்தை நான் காணவில்லை. சத்தம் மட்டும் கேட்டது, கேட்ட கையோடு சுவர்ப் பூச்சில் ஒரு துண்டு கழன்று விழுந்தது. வாவியில் இறால் வலை இழுத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் தோணியை அப்படியே விட்டுவிட்டுக் கரையேறி வந்து என் பக்கத்தில் நின்றார்கள். ஒரு மனிதனின் உடம்பு இவ்வளவு சரியாக வேலை செய்வதை என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. திணைக்களத்தில் இருந்த காலத்தில் ஒரு மதகுக் கதவு நேராக இறங்கினாலே நாங்கள் கைதட்டுவோம்.

அன்றைக்கும் டென்னிஸ் என்ற சொல்லை நான் சொல்லவில்லை. "குட் எக்சர்சைஸ்" என்று மட்டும் சொன்னேன். அவர்தான் தளத்தின் ஓரத்தில் குந்தியிருந்து தன் கதையைச் சொன்னார். வருடத்தில் முப்பது கிழமை வீட்டில் இல்லையாம். கசகஸ்தானில் பனிக்காலத்தில் ஒரு மண்டபத்துக்குள் விளையாடி ஒரு பெரிய ஆட்டம் வென்றாராம். பார்த்தவர்கள் ஆறு பேர், அதில் இரண்டு பேர் கூரை ஒழுக்குத் திருத்த வந்தவர்கள். வென்ற சந்தோசத்தைச் சொல்ல ஆளில்லாமல் தாய்க்குப் போன் எடுத்தால், சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத் தாய் வைத்துவிட்டாவாம். பாரிசில் நடக்கிற அந்தப் பெரிய போட்டிக்குத் தகுதிச் சுற்றில் ஒன்பது தரம் விளையாடியிருக்கிறார். ஒன்பது தரமும் உள்ளே போகவில்லை. அதைச் சொல்லும்போது வாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் உமக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி, "வெரி நைஸ் வெதர்" என்றேன்.

வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் குருமண்வெளித் துறையால் ஓடமேறி மண்டூருக்குப் போனோம். அங்கே கப்புகனார் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு மந்திரமில்லாமல் பூசை செய்வதைக் கண்டு ரெமி தம்பி அசையாமல் நின்றுவிட்டார். இவ்வளவு சனம் ஒருமிக்க மௌனமாக இருப்பதைப் பெரிய மைதானங்களில்தான் கண்டிருக்கிறேன் என்று ஆர்த்திகாவிடம் சொன்னாராம். திரும்பி வரும்போது ஓடத்தில் முதல் தரம் சிரித்தார். உமது அக்காதான் என் பக்கம் திரும்பி, "அந்தத் துணியில ஒண்டு உங்களுக்கும் கேட்டு வாங்கியிரிக்கணும்" என்றாள். நான் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டேன். மறுநாளே அது பகிடியில்லை என்று விளங்கியது.

சனிக்கிழமை எங்கள் விளையாட்டுக் கழகச் செயலாளர் சிவதர்ஷன் வந்தார். வெள்ளைக்காரத் தம்பி என்ன தொழில் என்று கேட்டார். சொல்ல மாட்டேன் என்றேன். பெயரென்ன என்று கேட்டார். பெயரில் டென்னிஸ் இல்லைத்தானே, சொன்னேன். சிவதர்ஷன் போனில் பெயரை அடித்தார், தேத்தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார், எழும்பி நின்றார். "ஐயா, இந்தாள் உலகத்தில இருநூற்றி அறுபத்தி மூணாவது ஆள்! உலகத்தில, ஐயா! மாவட்டத்தில இல்ல!" என்றார்.

இருபது வருடமாகப் பிரான்சில் இருக்கிற உமக்கு இது மறந்திருக்கும், ஆகவே விளக்கமாகச் சொல்கிறேன். இங்கே உயர்தரப் பரீட்சையில் மாவட்டத்தில் முதல் பத்துக்குள் வந்தால் சந்தியில் பெனர் கட்டுவோம். அகில இலங்கை நிலையில் முன்னூறுக்குள் வந்தால் பாண்ட் வாத்தியம் வைத்து ஊர்வலமாகக் கூட்டிப்போவோம். உலக நிலை என்று ஒன்று இந்தக் கரையோரத்தில் எவருக்கும் வந்ததில்லை. எண்ணூறு கோடிச் சனத்தில் இருநூற்று அறுபத்திரண்டு பேர் மட்டும் முன்னே நிற்க, மிச்சச் சனம் முழுக்க இந்தப் பிள்ளைக்குப் பின்னால் நிற்கிறது, நீரும் நானும் உமது கிளப்புத் தலைவரும் உட்பட. அப்படிப்பட்ட ஒருவர் என் வீட்டுக் கொடியில் சேர்ட் காயப்போட்டுக்கொண்டிருக்கிறார். இதைக் கண்டும் காணாததுபோல் இருந்தால் நாளைக்கு ஊர் என்னை என்ன சொல்லும்? நீர் பேசக்கூடாது என்றுதான் சொன்னீர், கௌரவிக்கக்கூடாது என்று சொல்லவில்லை. நீர் முதலில் அனுப்பிய குரல்பதிவை மறுபடி போட்டுப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியச் சந்தியில் பெனர் நின்றது. "உலகத் தரப்படுத்தலில் 263ஆம் நிலை பெற்று எமது கிராமத்துக்குப் பெருமை சேர்த்த செல்வன் ரெமி கெர்வெல் அவர்களை வாழ்த்துகிறோம்." எமது கிராமம் என்று போட்டது கொஞ்சம் கூடத்தான், ஒத்துக்கொள்கிறேன். அந்த வசனத்தை வழமையாகப் போடுகிறபடியால் மாற்றத் தோன்றவில்லை. அதைச் சிவதர்ஷன் பேஸ்புக்கில் போட, அது பாரிசுக்குப் பறந்து, உமது கிளப்பில் எல்லோரும் பார்த்து, நீர் என்னைத் திட்டி, பிறகு புளொக் பண்ணியது வரை உமக்குத் தெரியும். உமக்குத் தெரியாதது, ரெமி தம்பி அந்தப் பெனருக்குக் கீழே கால்மணித்தியாலம் நின்றார் என்பது. ஆர்த்திகா பக்கத்தில் நின்று வாசித்துச் சொன்னாள். "என் நாட்டில் இந்த இலக்கத்தைக் கேட்டால், எப்போது நூறுக்குள் வருவாய் என்றுதான் கேட்பார்கள். இதை யாரும் எழுதிக் கட்டியதில்லை" என்றாராம்.

இனி நான் எழுதப்போவதுதான் கஷ்டமான பகுதி. செவ்வாய்க்கிழமை பின்னேரம், அதாவது நேற்று, கழகக் கட்டடத்தில் கௌரவிப்பு விழா. தலைமை நான். மொழிபெயர்ப்பு ஆர்த்திகா. ஒரு சொல்லும் விடாமல் அப்படியே சொல்ல வேண்டும் என்று அவளுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன், அதாவது தாய் மூலமாகச் சொல்லியிருந்தேன். அவளுடைய பரீட்சை முடிவு பற்றி உமக்குத் தெரியும், அதை நான் இங்கே எழுத விரும்பவில்லை. ஆனால் எழுதாவிட்டால் கடிதம் முன்னே நகராது. போன மாதம் இரண்டாவது தரமும் உயர்தர முடிவு வந்தது. மாவட்டத்தில் ஐம்பத்தெட்டாவது. மருத்துவபீடத்துக்குக் காணாது. அன்றைக்கு என் வாய் மூடியது, மூடியபடியே கிடந்தது.

விழாவில் நான் இருபத்தைந்து நிமிடம் பேசினேன். நல்லாகத்தான் பேசினேன், மச்சான். முதலாவதாக வருபவனை ஊர் முழுக்கத் தூக்கிக் கொண்டாடும், ஆனால் இருநூற்று அறுபத்து மூன்றாவதாக வந்து, தோற்று, அடுத்த ஊருக்கு பஸ் ஏறி, மறுபடி தோற்று, மறுபடி பஸ் ஏறுகிறவனின் மனத்தைரியத்தை யார் கொண்டாடுவது, நாம்தான் கொண்டாட வேண்டும் என்று கையை உயர்த்தினேன். சபை கைதட்டியது. ஆர்த்திகா மொழிபெயர்க்கவில்லை. மைக்கைப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். பிறகு தமிழில், "அப்பா, உலகத்தில இருநூற்றி அறுபத்தி மூணாவதா வந்தவருக்குப் பொன்னாடை. மாவட்டத்தில அம்பத்தெட்டாவதா வந்த எனக்கிட்ட நீங்க பத்தொன்பது நாள் வாயே திறக்கல்ல. அதையும் இவருக்கு இங்கிலீசில சொல்லவா?" என்றாள். முன்வரிசையிலிருந்து உமது அக்கா மட்டும், "பத்தொன்பது இல்ல மகள், இருவத்திரெண்டு" என்று திருத்தினாள். பொன்னாடையும் தன் அச்சகத்தில் அடித்த வாழ்த்துமடலும் கொண்டுவந்திருந்த காத்தான்குடி மர்சூக் நானா தொப்பியைக் கழற்றித் திரும்ப வைத்துக்கொண்டு, "சொல்லுங்க மகள், சொல்லத்தானே வேணும்" என்றார்.

அவள் சொன்னாள். ரெமி தம்பி எழும்பி மைக்கை வாங்கினார். அவர் சொன்னதை ஆர்த்திகா சொல்லச் சொல்ல நான் கேட்டது இதுதான். பதினான்கு வயதில் தெற்கே ஒரு நகரத்தில் விளையாடித் தோற்றாராம். தகப்பன் காரோட்டி வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். ஒன்பது மணித்தியாலப் பயணம். ஒரு வார்த்தை பேசவில்லை. பெற்றோல் அடிக்க நிறுத்திய இடத்தில் ஒரு சான்ட்விச்சை வாங்கி மடியில் வைத்தாராம், அவ்வளவுதான். "தகப்பன் செத்து ஆறு வருடம். இன்றைக்கும் நான் தோற்றால் நேரே அந்தக் காருக்குள்தான் போய் இருக்கிறேன்" என்றார். மச்சான், நான் தலைமைக் கதிரையில் இருந்தேன். எழும்பிப் போகவும் வழியில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட, இந்தப் பிள்ளை தோல்வியைச் சுமந்துகொண்டு உலகம் முழுக்க ஓடியிருக்கிறானே என்று பிரமிப்பாகவும் இருந்தது.

அத்தோடு விழாவை முடித்திருக்கலாம். ஆனால் நிகழ்ச்சி நிரலில் வாழ்த்துமடல் இருந்தது. இந்த வாழ்த்துமடலுக்கு நான் ஒருவனே பொறுப்பு. போன வருடம் எங்கள் அதிபர் அன்னப்பூரணி ரீச்சர் ஓய்வு பெற்றபோது நான் எழுதிக்கொடுத்த மடல் மர்சூக் நானாவின் கொம்பியூட்டரில் இருந்தது. நேரமில்லாதபடியால், "நானா, அதிலயே பேரையும் படத்தையும் மாத்திப் போடுங்க" என்று போனில் சொன்னேன். நானா சொன்ன சொல் தவறாத மனிதர். பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றினார். சிவதர்ஷன் கணீரென்று வாசிக்க, ஆர்த்திகா ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தாள். "முப்பத்து நான்கு ஆண்டுகள் வெண்கட்டித் தூளோடு வாழ்ந்தவரே! ஆயிரம் பிள்ளைகளுக்குத் தாயாய் நின்றவரே! கால் கடுக்க நின்றது போதும், களைப்பாறும் காலம் வந்தது. உம் பணி முடிந்தது, ஊர் உமக்கு நன்றி சொல்கிறது, இனி உம் பேரப்பிள்ளைகளோடு அமைதியாய் வாழ்க!" நான் இரண்டாவது வரியிலேயே கையைக் காட்டினேன். கைதட்டச் சொல்கிறேன் என்று நினைத்துச் சபை கைதட்டியது.

ரெமி தம்பி அழுதார். சத்தம் போட்டு அழவில்லை, பொன்னாடையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே நின்றார். கோட்டில் பந்து பட்டால் வெள்ளைத் தூள் பறக்குமாம், பத்து வயதிலிருந்து அந்தத் தூளோடுதான் வாழ்கிறேன், அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். பிறகு மர்சூக் நானாவிடம், உங்கள் ஊரில் இந்தச் சால்வையை எப்போது போர்த்துவீர்கள் என்று ஆர்த்திகா மூலம் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத நானா, "பென்சனில போகக்குள்ள போத்துவம் தம்பி" என்றார். ரெமி தம்பி தலையை ஆட்டிவிட்டு மைக்கில் சொன்னார்: "எப்படி நிறுத்துவதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீங்கள் சொல்லித் தந்தீர்கள். வெள்ளிக்கிழமை நான் விலகுகிறேன்." ஆங்கிலம் விளங்காதவர்கள் எல்லோரும் பலமாகக் கைதட்டினார்கள். ஆர்த்திகா தமிழில் சொன்னதும் கைதட்டல் வரிசை வரிசையாக நின்றது.

இன்று காலை நான் அவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். அது உங்களுக்கு எழுதியதில்லை தம்பி, ஓய்வுபெற்ற ஓர் அதிபருக்கு எழுதியது, என்ட பிழை என்றேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆனாலும் முடிவை மாற்றவில்லை. "தோற்றவனுக்கு யாரும் விடை கொடுப்பதில்லை. அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். நீங்கள் எனக்கு விடை கொடுத்தீர்கள். அது யாருக்கு எழுதியதாக இருந்தாலும் எனக்கு அது காணும்" என்றார். ஒன்றும் செய்யாமல் இருங்கள் என்றீர். நான் செய்தேன். பத்தொன்பது வருடம் அந்தப் பிள்ளை பிடித்து வைத்திருந்ததை நாங்கள் ஒரு பின்னேரத்தில், தேத்தண்ணீரும் வடையும் கொடுத்து, கையிலிருந்து வாங்கிவிட்டோம்.

ஆகவே மச்சான், சனிக்கிழமை நீர் விமான நிலையத்துக்குப் போக வேண்டும். அங்கே குளிராம், தடித்த சட்டை ஒன்று கொண்டுபோம். அவரிடம் பாவம் என்று சொல்லாதேயும், இனி என்ன செய்யப்போகிறாய் என்றும் கேளாதேயும். தாயிடம் நீரே பக்குவமாகச் சொல்லும், மகன் தோற்றுப்போய் விடவில்லை, எங்கள் ஊரில் மரியாதையோடு விட்டார் என்று சொல்லும். காரில் கூட்டிப்போகும்போது தயவுசெய்து எதையாவது கதைத்துக்கொண்டே போம். சமையலைப் பற்றிக் கதைத்தாலும் பரவாயில்லை. உமக்குக் கஜுப்பருப்பும் மோர்மிளகாயும் அவர் பையில் வைத்திருக்கிறேன்.

ஆர்த்திகாவைப் பற்றியும் ஒரு வரி. நேற்று விழா முடிந்து வந்ததும் நான் அவளிடம் போய், "சாப்பிட்டியா மகள்" என்று கேட்டேன். "ஓம்" என்றாள். இப்போதைக்கு அவ்வளவுதான். மூன்றாவது தரமும் எழுதப்போகிறேன் என்று தாயிடம் சொல்கிறாள். உமக்கு மட்டும் சொல்கிறேன், அந்த இருபத்திரண்டு நாளும் எனக்கு அவளில் கோபமே இல்லை. இன்னொரு தரமும் அவள் அந்த முகத்தோடு முடிவைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் காண எனக்குத் தைரியமில்லை. அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் பேசாமல் இருந்துவிட்டேன்.

உமது அடுப்பு அணையாமலும், கை சுடாமலும், இடுப்புவலி கூடாமலும் மண்டூரான் காக்கட்டும். அக்கா முத்தம் அனுப்புகிறாள், கோபம் தீர்ந்த பிறகு எடுத்துக்கொள்ளும்படி சொல்கிறாள்.

இப்படிக்கு,
தவறை ஒப்புக்கொள்ளும் உமது அத்தான்,
க. நல்லரத்தினம்
(ஓய்வுபெற்ற தொழினுட்ப உத்தியோகத்தர், நீர்ப்பாசனத் திணைக்களம்)

பிற்குறிப்பு: வெள்ளிக்கிழமை பின்னேரம். விமான நிலையத்துக்குப் போக வேண்டாம். தாயிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். இந்தக் கடிதம் தபாலில் வருவதைப் பார்த்தே நீர் ஊகித்திருப்பீர். இன்று காலை வான் வருவதற்கு முன் ரெமி தம்பி விறாந்தையில் பையோடு இருந்தார். பக்கத்தில் ஆர்த்திகா பரீட்சை விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தாள். அது என்ன என்று அவர் கேட்டார். சொன்னாள். இதுதான் கடைசி, எங்கள் நாட்டில் பல்கலைக்கழகத்துக்குப் போக மூன்று தரம்தான் எழுத விடுவார்கள், நாலாவது தரம் கிடையாது என்றாள். பிறகு அவள், "நீங்க அந்தப் பெரிய போட்டிக்கு ஒம்பது தரம் போனீங்கதானே, இன்னும் எத்தின தரம் போகலாம்?" என்று கேட்டாள். எத்தனை தரமும் போகலாம், கணக்கில்லை என்றார். "குடுத்து வெச்ச ஆள்" என்று ஆர்த்திகா சொல்லிவிட்டுத் திரும்பவும் படிவத்தை நிரப்பத் தொடங்கினாள். அதை ஆங்கிலத்தில் சொன்னாளா என்றுகூட எனக்கு ஞாபகமில்லை. ரெமி தம்பி கொஞ்ச நேரம் அவளுடைய பேனை ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை எடுத்தார், பாரிஸ் டிக்கட்டை மாற்றினார், பன்னிரண்டு மணி அடிக்கும்வரை என் பக்கத்திலேயே இருந்தார், விலகவில்லை. இந்தக் கடிதத்தை என் கையில் திருப்பித் தந்துவிட்டு, கஜுவை மட்டும் தான் வைத்துக்கொண்டு தாய்லாந்துக்குப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். புளொக்கை எடுத்துவிடும், புள்ளி விபரம் உம்மிடம்தான் கேட்க வேண்டும். ஆர்த்திகாவின் படிவத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வழி நெடுக அவளோடு கதைத்துக்கொண்டே போனேன், வந்தும் கதைத்தேன், இதை எழுதும்போதும் அறைவாசலில் நின்று கதைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். "அப்பா, கொஞ்சம் பேசாம இரிங்க, நான் படிக்கணும்" என்கிறாள்.